வராத பணமும் போன தண்ணீரும்: பாலாற்றங்கரைத் தோல் முதலாளிகளின் மனக்கணக்கு

தொழில் நடத்துகிறவர் தன் வருமானத்தைப் பற்றி என்ன உணர்கிறார் என்று கேட்டால் இரண்டு விடைகளே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன: பேராசை, இல்லையென்றால் துணிச்சல். இரண்டும் ஆளின் குணத்தைப் பற்றியவை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழிலுக்கு இந்த விடைகள் போதா. பணம் எப்போது வருகிறது, எது கணக்கில் ஏறுகிறது, எது ஏறாமல் நழுவுகிறது ஆகியவைதான் இங்கே முதலாளியின் மனத்தைப் பெரிதும் வடிவமைக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காலம். மண்டியில் உப்புத்தோல் எடுக்கும்போதே பணம் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, முடி எடுத்து, சதை சீவி, டிரம்மில் குரோம் ஏற்றி, சாயமிட்டு, உலர்த்தி முடிக்க வாரங்கள் ஆகும். அது ஷூவாகிக் கப்பலேறி, வாங்கியவர் பணம் அனுப்புவதற்கு மாதங்கள். அதுவரை ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலை, ஓடுவது வங்கி ஏற்றுமதிக்கு முன்பே தரும் பேக்கிங் கிரெடிட் கடனில். டாலர் வந்து சேர்ந்ததும் வங்கி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே லாபம் வந்த நாள் என்று கொண்டாட ஒரு நாள் இந்தத் தொழிலில் வாய்ப்பதில்லை. நாள்தோறும் உணரப்படுவது கடன், கூலி, மண்டியில் தன் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு.

இந்த நிச்சயமின்மையை அதிகமாக்குவது, முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்படுவது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு லண்டனுக்கு அனுப்பிப் பழகிய தொழில் இது. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதும் முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் மாறியவர்களே நிலைத்தனர். 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தது. அதைச் சாதாரணமாகப் பயன்படுத்தி வந்த ஷாப்புகள் அவசரமாக மாற்று தேட வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது ஆம்பூர் அதை உடனே உணர்ந்தது. இப்படிப்பட்ட இடத்தில் அச்சத்தை ஒருவருடைய சுபாவம் என்று சொல்வது தவறான நோயறிதல்.

அடுத்தது கணக்கு. எல்லாப் பணமும் ஒரே பணமல்ல, மனிதர்கள் அதற்கு அடையாளமிட்டுப் பிரித்தே வைக்கிறார்கள் என்று சமூகவியலாளர் விவியானா செலைசர் 1994இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவர் ஆராய்ந்தது அமெரிக்கக் குடும்பங்களை. இங்கே எல்லா முதலாளிகளும் முஸ்லிம்கள் அல்லர். ஆனால் இத்தொழிலின் முகத்தை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகக் குடும்பத்தார். அவர்களிடம் அந்தப் பிரிப்புக்கு நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட இலக்கணமே இருக்கிறது: ஜகாத் என்னும் கட்டாயக் கொடை. ஆண்டுக்கு ஒருமுறை கையிருப்புத் தோல், வரவேண்டிய பாக்கி, ரொக்கம் எல்லாவற்றையும் மதிப்பிட்டு, கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அலைந்துகொண்டே இருக்கும் பணம் அன்று ஒரு நாள் நிற்கிறது. “எனக்கு இவ்வளவு இருக்கிறது” என்று முதலாளி தனக்கே சொல்லிக்கொள்ளும் நாள் அது. கொடுக்கும்போதுதான் சம்பாதித்தது உறைக்கிறது.

கொடை ஜகாத்தோடு நிற்கவில்லை. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் கட்டிய சித்தீக் சராய் என்னும் பயணியர் விடுதி சென்னை சென்ட்ரல் அருகே இன்றும் நிற்கிறது. 1965இல் தொடங்கிய மேல்விஷாரம் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலேயே எழுந்தது. சாதிச் சமூகம் முகம் சுளித்த தொழிலில் ஈட்டிய பணம், ஊரார் மதிக்கும் கட்டடமாக மாறிய வரலாறு இது. இதைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனமான வாசிப்பு. அந்தக் கணக்கு உண்மையானது. ஆனால் அதில் ஒரு பத்தி விடுபட்டிருந்தது.

எது விடுபட்டது என்பதை இஸ்லாமியச் சட்டத்தின் ஹனஃபி மரபில் உள்ள ஒரு நுணுக்கம் காட்டுகிறது. கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரின் மூலப்பொருட்களில், செய்த பொருளிலேயே தங்கிவிடுவதற்கு ஜகாத் உண்டு: சாயக்காரரின் குங்குமப்பூ, தோல் பதனிடுகிறவரின் துவர்ப்பொருளும் கொழுப்பும். கழுவப் பயன்பட்டுக் கரைந்து போகிற சோப்பு போன்றவற்றுக்கு இல்லை. வணிகச் சொத்தை அளக்க இது நியாயமான விதி. நீரை அளக்க எழுந்ததே அல்ல. இதே தர்க்கத்தை இன்றைய ஷாப்புக்கு நீட்டினால், தோலில் ஏறிய குரோம் கணக்கில் வரும்; தண்ணீரோடு போன உப்பும் சுண்ணாம்பும் வராது. வருமான வரிக் கணக்கும் வங்கியின் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் இதில் வேறுபடவில்லை. போனது போனதுதான்.

அந்தப் பத்தியை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் எழுதியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, ஒரு கிலோ முடித்த தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டதையும் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, 5 மாவட்டங்களின் ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தொகை சிறிது. பெரிதாய் மாறியது உறவு. கொடுப்பவராக இருந்தவர் ஒரே நாளில் கடன்காரர் ஆனார். தர்மத்தில் பெறுபவர் நன்றி சொல்வார். இழப்பீட்டில் கிணறு கெட்ட விவசாயி உரிமையோடு கேட்பார். முதலாளிகளுக்குச் செலவைவிட அதிகமாக வலித்தது இந்த இட மாற்றம்தான் என்று நான் கருதுகிறேன்.

ஷாப்புகளை நீதிமன்றம் மூடிவிடும் என்ற அச்சுறுத்தலின் கீழ் இந்த முதலாளிகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை எழுப்பியதை ஆய்வாளர் லொரெய்ன் கென்னடி 1999இல் ஆராய்ந்து, கூட்டுறவுக்குச் சமூக உறவுகள் கைகொடுத்ததைக் காட்டினார். உண்மை. ஆனால் பொது நிலையத்துக்கு உணர்வு நிலையில் இன்னொரு பயனும் உண்டு: பொறுப்பு பங்குத்தொகையாகி, மாதச் சந்தாவோடு தீர்ந்துவிடுகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சேற்றில் யாருடைய ஷாப்பின் பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

2025 ஜனவரி 30 தீர்ப்பில், நிலுவை இழப்பீட்டை 6 வாரத்துக்குள் வழங்கி மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறு உச்ச நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அந்தச் சுமை இன்று யார் தோளில் ஏறும் என்பதையும் பார்க்க வேண்டும். சிறிய ஷாப்புகளில் பல, சொந்தமாகத் தோல் வாங்குவதை விட்டு ஜாப் ஒர்க்குக்குப் போய்விட்டன. தோல் பெரிய ஏற்றுமதியாளருடையது. டிரம், ஆள், ரசாயனம் மட்டும் சிறிய ஷாப்புக்காரருடையது. பழைய சட்ட நூல்கள் பேசும், பிறர் பொருளில் கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரின் இடத்துக்கு முதலாளி திரும்பியிருக்கிறார். ஊர் அவரை இன்னும் முதலாளி என்றே அழைக்கிறது, பள்ளிவாசல் நன்கொடைச் சீட்டும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. தோல் இன்னொருவர் பெயரில் ஷூவாகிப் போனாலும், கழிவுநீருக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் இவர் பெயருக்கே வரும்.