மதுரை வடக்கு சட்டமன்றத் தொகுதி

மதுரை வடக்கு, தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. வரிசை எண் 191. மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்றான இது, மதுரை மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும். 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் இப்பெயரில் ஒரு தொகுதி இருந்தது. பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெயர் வழக்கில் இல்லை. 2008-ஆம் ஆண்டு மறுவரையறையால் உயிர்பெற்று, 2011 முதல் தேர்தலைச் சந்தித்துவருகிறது. வைகையின் வடகரையில் விரிந்த மதுரையின் அரசியல் பிரதிநிதித்துவ வரலாறு இந்தப் பெயரோடு மட்டும் நின்றுவிடவில்லை. பெயருக்கு முன்னும், பெயர் இல்லாத காலத்திலும் அது தொடர்ந்தது.

அமைவிடமும் பின்னணியும்

பழைய மதுரை தென்கரையில், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி எழுந்தது. 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தை மதுரைக்காரர்கள் ஏ.வி. பாலம் என்பார்கள். அதைக் கடந்து வடகரையில் இறங்கினால் முதலில் வருவது கோரிப்பாளையம். தர்காவும், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சிலையும், சற்றுத் தள்ளி அரசு இராஜாஜி மருத்துவமனையும் இப்பகுதியின் அடையாளங்கள். தல்லாகுளம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அமெரிக்கன் கல்லூரி எல்லாமே இக்கரையில்தான்.

கோரிப்பாளையத்தில் அன்றாடம் புழங்கும் பெயர்களே மக்களாட்சி வளர்ந்த கதையைச் சொல்லும். மருத்துவமனை இருக்கும் பனகல் சாலை, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் பனகல் அரசரின் பெயரைத் தாங்கியது. மருத்துவமனைக்குப் பெயர் தந்த இராஜாஜி, 1937-இல் மாகாணப் பிரதமராகவும் 1952-இல் முதலமைச்சராகவும் பொறுப்பேற்றவர். நாற்சந்தியில் சிலையாக நிற்கும் தேவர், 1937 தேர்தலில் இராமநாதபுரம் அரசரையே எதிர்த்து வென்றவர். குறைந்த சிலருக்கே வாக்கு இருந்த காலத்தில் அரசியலுக்கு வந்து, எல்லாருக்கும் வாக்கு கிடைத்த காலத்தையும் கண்டவர்கள் இவர்களில் இருவர்.

சிலருக்கே வாக்கு: 1920–1946

1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. சொத்தோ, வரிச்சீட்டோ, கல்வித் தகுதியோ உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. அதே தகுதிகளோடு பெண்களும் வாக்களிக்கலாம் என்று 1921-இல் சென்னை மாகாணம் முடிவெடுத்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையைப் பெருக்கியது. ஆயினும் பெரும்பாலான உழைப்பாளிகள் பட்டியலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி மாகாணத் தேர்தலான 1946 வரை முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. தர்காவை ஒட்டி வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பமும் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். ஆனால் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்க முடியாது. விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டம் இந்தப் பிரிவினையை நீக்கியது. ஒரு தொகுதியில் வாழ்வோர் அனைவருக்கும் ஒரே பட்டியல் என்ற நிலை அப்போதுதான் வந்தது. கோரிப்பாளையம் போன்ற கலந்து வாழும் பகுதிகளுக்கு அது பெரிய மாற்றம்.

முதல் பொதுத்தேர்தல்: 1952

21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் நடந்த முதல் தேர்தல் இது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்து, தாம் விரும்பியவரின் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம்.

மதுரை வடக்கில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பி. இராமமூர்த்தி, சிறையில் இருந்தபடியே வென்றார். நேரில் வந்து வாக்குக் கேட்க முடியாத ஒருவரை, முதன்முறையாக வாக்குரிமை பெற்ற மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். மதுரையின் பஞ்சாலைத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்டுகள் பல ஆண்டுகளாகக் கட்டியிருந்த சங்கங்களே அவ்வெற்றிக்குத் துணைநின்றன. 375 உறுப்பினர் கொண்ட அன்றைய சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. பெரும்பான்மை இல்லாத நிலையில்தான் இராஜாஜி அமைச்சரவை அமைத்தார். 1953-இல் ஆந்திரம் பிரிந்த பின், இராமமூர்த்தி எதிர்க்கட்சித் தலைவராகவும் செயல்பட்டார்.

பெயர் மறைந்த காலம்: 1957–2006

அடுத்து வந்த வரையறைகளில் மதுரை வடக்கு என்ற பெயர் இடம்பெறவில்லை. நகரத்தின் தேர்தல் பேச்சில் மதுரை மத்தி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு என்ற பெயர்கள் நிலைபெற்றன. நகரம் எவ்வாறு சிந்தித்தது என்பதை இனி அந்தத் தொகுதிகளின் முடிவுகளே காட்டும்.

1965 சனவரி 25 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து மதுரையில் மாணவர்கள் நடத்திய ஊர்வலத்தின்போது மோதல் வெடித்தது. போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. மொழிப்பிரச்சினையும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து 1967-இல் காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தின. அந்த ஆண்டு மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த மூவர் மதுரையில் வென்றார்கள்: மதுரை மேற்கில் என். சங்கரய்யா, மதுரை கிழக்கில் கே.பி. ஜானகி அம்மாள், மக்களவைக்கு பி. இராமமூர்த்தி. நாடக மேடையிலிருந்து விடுதலைப் போராட்டத்துக்கு வந்தவர் ஜானகி அம்மாள். சங்கரய்யா பின்னர் 1977-இலும் 1980-இலும் மதுரை கிழக்கிலிருந்து சட்டமன்றம் சென்றார்.

1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மே மாதத் தேர்தலில் அவர் மதுரை மேற்கில் நின்று வென்று மீண்டும் முதலமைச்சரானார். அதன் பின் மதுரை, முதலமைச்சரின் தொகுதியைக் கொண்ட நகரமாக விளங்கியது. மதுரை கிழக்கில் 2001, 2006 ஆகிய இரு தேர்தல்களிலும் மார்க்சிஸ்ட் கட்சியின் என். நன்மாறன் வென்றார். இரண்டாம் முறை அவருக்குக் கிடைத்த முன்னிலை 51 வாக்குகள் மட்டுமே. ஒரு தெருவே முடிவை மாற்றியிருக்கக்கூடிய தேர்தல் அது.

2006 மே மாதத்தில் மதுரை மத்தியில் வென்று அமைச்சரான பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் சில நாட்களிலேயே காலமானார். அங்கும், அடுத்த ஆண்டு மதுரை மேற்கிலும் இடைத்தேர்தல் நடந்தது. 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலோ வேறொரு காரணத்துக்காக நாடு முழுவதும் பேசப்பட்டது. வாக்குக்குப் பணம் என்ற வழக்கத்துக்கே ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. மதுரைச் சமவெளியில் சிறையிலிருந்த ஒருவரை வெற்றிபெறச் செய்த வாக்கு, அதே சமவெளியில் விலை பேசப்பட்டது என்பது இத்தொகுதிகளின் வரலாற்றில் ஆறாத வடு.

மறுவரையறையும் புதிய வடக்கும்

ஒரு வாக்குக்கு ஏறத்தாழ ஒரே மதிப்பு இருக்க வேண்டுமானால், மக்கள்தொகைக்கு ஏற்ப எல்லைகளை அவ்வப்போது திருத்த வேண்டும். மாநிலத்தின் மொத்த இடங்களை மாற்றாமல் உள் எல்லைகளை மட்டும் 2008-ஆம் ஆண்டு ஆணை திருத்தியது. மதுரை மாவட்டத்தில் சமயநல்லூர், சேடப்பட்டி ஆகிய தொகுதிகள் நீங்கின. சோழவந்தான் பட்டியல் இனத்தவருக்கான தனித்தொகுதியானது. மதுரை வடக்கு, மதுரை தெற்கு என்ற பழைய பெயர்கள் திரும்பின. 1952-இன் எல்லை அப்படியே மீளவில்லை. பெயர் மட்டும் புதிய வார்டுகளின் மேல் அமர்ந்தது.

2011-இல் அ.தி.மு.க.வின் ஏ.கே. போஸ் வென்றார். 2016-இல் அக்கட்சியின் வி.வி. ராஜன் செல்லப்பா வென்றார். அப்போது அவர் மதுரை மாநகராட்சியின் மேயராகவும் இருந்தார். 2021-இல் தி.மு.க.வின் கோ. தளபதி வென்றார். அவரை எதிர்த்துப் பா.ஜ.க. சார்பில் நின்ற மருத்துவர் பா. சரவணன், 2019 இடைத்தேர்தலில் தி.மு.க. சார்பில் திருப்பரங்குன்றத்தில் வென்றவர். அந்த இடம் காலியானது, 2016 நவம்பர் இடைத்தேர்தலில் அங்கு வென்ற ஏ.கே. போஸ் 2018-இல் காலமானதால்தான்.

மாநகராட்சி மன்றம் இல்லாத ஆண்டுகள்

1866-இல் நகராட்சியான மதுரை, 1971-இல் மாநகராட்சியானது. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில்தான். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரில் கவுன்சிலர்களே இல்லை. சாக்கடை அடைப்பு, குடிநீர், தெருவிளக்கு என எதற்கும் மக்கள் அதிகாரிகளையும் சட்டமன்ற உறுப்பினரையும்தான் தேடிப்போக வேண்டியிருந்தது. சட்டம் இயற்றவும் அரசைக் கேள்வி கேட்கவும் அனுப்பப்பட்டவர் வார்டு வேலையையும் சேர்த்துச் சுமந்தார். இரண்டு நிலைப் பிரதிநிதிகளும் இருந்தால்தான் ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்ய முடியும் என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

வாக்களிப்பு முறை

தனித்தனிப் பெட்டி முறை 1960-களில் முத்திரை குத்தும் சீட்டுக்கு இடம்விட்டது. 1988-இன் 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் வாக்கு வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா சேர்ந்தது.

2019 மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18, சித்திரைத் தேரோட்ட நாளாக அமைந்தது. மறுநாள் கள்ளழகர் வைகையில் இறங்கும் நிகழ்வு. அழகரை எதிர்கொள்ளும் கூட்டம் தல்லாகுளத்தில் திரளும் வேளை அது. தேர்தல் ஆணையம் மதுரைக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டித்தது. தேர் வடத்தைத் தொட்டு வந்தவர்களும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள்.

வரவிருக்கும் மாற்றங்கள்

மாநிலங்களின் இடங்களை மக்கள்தொகைப்படி மாற்றியமைப்பது 1976 முதல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. 84-ஆவது திருத்தத்தின்படி, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அந்நிலை தொடரும். மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு அதற்காகவே இடங்களை இழக்கலாகாது என்ற கவலை இதனோடு பிணைந்தது. 2023-இன் 106-ஆவது திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்குகிறது. அது நடைமுறைக்கு வருவதையும் மறுவரையறையோடு இணைத்திருக்கிறார்கள்.

1952-இலும், 2011 முதல் 2021 வரையிலான மூன்று பொதுத்தேர்தல்களிலும் மதுரை வடக்கில் வென்ற நால்வரும் ஆண்களே. ஜானகி அம்மாள் இந்நகரிலிருந்து சட்டமன்றம் போய் அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அடுத்த முறை எல்லை திருத்தப்படும்போது வடகரைக்கு எந்தப் பெயர் வந்தாலும், அந்த நால்வரின் பட்டியலில் ஒரு பெண் பெயர் சேர வேண்டும்.