வெயிலை உள்ளே விடணும், ஆனா வெயில் தின்னக் கூடாது

இன்னைக்கு எபிசோடு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் பத்தி. ஓசூர் பக்கம் போயிருந்தா பார்த்திருப்பீங்க: வளைஞ்ச வெள்ளைக் கூரை போட்ட பாலிஹவுஸ், உள்ளே ரோஜாவோ குடைமிளகாயோ. அந்தக் கூரை ஷீட் பெரும்பாலும் 200 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு. அது மூணு, நாலு வருஷம் வெயில்ல நிக்குது. அந்த நிலைக்கு வர்றதுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் பிடிச்சது.

1948, அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகம். எமரி மையர்ஸ் எம்மர்ட் என்கிற பேராசிரியருக்கு ஒரு கண்ணாடிக் குடில் தேவை. காசு இல்லை. மரச்சட்டம் அடிச்சு, மேல செல்லுலோஸ் அசிடேட் ஷீட்டை இழுத்துக் கட்டினார். பிறகு பாலித்தீன் வந்தது. 1933ல இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் தற்செயலா கிடைச்ச பொருள். போர்க்காலத்தில் ரேடார் கேபிளுக்கு உறையா இருந்தது. கண்ணாடியைவிட மலிவு, எடையும் கம்மி.

ஆனா ஒரு வருஷம்கூட தாங்கறது கஷ்டம். புற ஊதாக்கதிர் பட்டா பாலித்தீனோட நீளமான மூலக்கூறுச் சங்கிலி, ஆக்சிஜனோட சேர்ந்து அறுந்துகிட்டே போகும். ஷீட் மொறுமொறுன்னு ஆகி, ஒரு காத்துக்குக் கிழிஞ்சிடும். முதல்ல கிழியறது எங்கே தெரியுமா? சூடான இரும்புக் குழாய்மேல படிஞ்சு கிடக்கிற இடத்துல. அதனாலதான் குழாய்க்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறாங்க.

கறுப்பு கார்பன் தூள் கலந்தா பாலித்தீன் ரொம்ப நாள் உழைக்கும். தண்ணி பைப் கறுப்பா இருக்கிறது அதுக்குத்தான். கூரைக்கு அது ஆகாதே, செடிக்கு வெளிச்சம் வேணுமே! அதனால நிக்கல் கலந்த ரசாயனங்களைச் சேர்த்தாங்க. ஷீட் லேசா மஞ்சள்-பச்சையா இருக்கும். 1970கள்ல வந்தது ஹிண்டர்டு அமீன் வகை, சுருக்கமா ஹால்ஸ். (இருமல் மிட்டாய் இல்லை.) இது கதிரைத் தடுக்காது, சங்கிலியை அறுக்கிற ரேடிக்கல்களைப் பிடிச்சு அடக்கும், அடக்கிட்டுத் தன்னைத் தானே புதுப்பிச்சுக்கும். அதனால கொஞ்சம் சேர்த்தாலே வருஷக்கணக்கா வேலை செய்யும்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச திருப்பம் இதுக்கு அப்புறம்தான். ரோஜா, குடைமிளகாய்ச் செடிகளுக்குச் சாம்பல் நோய் வரும். விவசாயி கந்தகம் தூவுவார், இல்லன்னா புகையா போடுவார். கந்தகத்திலிருந்து வர்ற அமிலம் ஹால்ஸைச் செயலிழக்க வெச்சிடும்! பயிரைக் காப்பாத்துற மருந்தே கூரையோட ஆயுசைக் குறைக்குது. கந்தகம் எவ்வளவு போடுறீங்கங்கிறதைப் பொறுத்துதான் ஷீட் எத்தனை வருஷம் வரும்னு உத்தரவாதமே கொடுக்கிறாங்க.

இதெல்லாம் பெரிய அளவுல நடக்கிற இடம் தெற்கு ஸ்பெயினின் அல்மெரியா. சுமார் 30,000 ஹெக்டேர், சென்னை மாநகராட்சிப் பரப்புல ஏறக்குறைய எழுபது சதவீதம், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே. விண்வெளியில இருந்து பார்த்தா வெள்ளையா தெரியும். அத்தனை கூரையையும் சில வருஷத்துக்கு ஒரு தடவை உரிச்சு மாத்தணும். உரிச்சதுல ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போகுது. மிச்சத்துல கொஞ்சம் ஓடை வழியா, காத்து வழியா கடலுக்கு. கூரையா நிக்கத் தெம்பு இல்லாத ஷீட், குப்பையா ரொம்ப காலம் இருக்கும்.

2012ல பக்கத்து கிரனாடா கடற்கரையில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. வயிறு அடைச்சுக் கிழிஞ்சிருந்தது. உள்ளே 59 பிளாஸ்டிக் பொருட்கள், சுமார் 17 கிலோ. அதுல நிறைய, குடில் கூரைக்குப் போடுற அதே ஷீட்.