பாதி தானியங்கி, முழுப் பொறுப்பு

2021-இல் 'மஹிந்திரா எக்ஸ்யுவி700', 'எம்ஜி ஆஸ்டர்' ஆகிய கார்கள் விற்பனைக்கு வந்தது முதல், பகுதி தானியங்கி வசதி இந்திய நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டும் பொருளாகிவிட்டது. ராமேசுவரத்துக்குக் குடும்பத்துடன் வரும் கார்களிலும் இவ்வசதி இடம்பெறத் தொடங்கியுள்ளது.

வாகனத் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பொறியாளர்கள் வகுத்துள்ளனர். இங்கு விற்கப்படுபவை பெரும்பாலும் 1, 2 ஆகிய நிலைகளைச் சேர்ந்தவை. இரண்டாம் நிலையில் கார் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும், தடத்துக்குள் திரும்பும். ஆனால், சாலையைக் கண்காணிக்கும் கடமை ஓட்டுநருடையதே.

முன்கண்ணாடியின் பின்னுள்ள கேமரா சாலைக் கோடுகளைப் படிக்கிறது. ரேடார் முன்செல்லும் வாகனத்தின் தூரத்தை அளக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையில் காற்று மணலை வாரி இறைக்கும்போது, அந்தக் கோடுகளே மறைந்துவிடுகின்றன. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ.-க்கும் அதிக நீளமுடையது. கடலையும் ரயில் பாலத்தையும் காண்பதற்காக அதன் ஓரத்தில் வாகனங்களை நிறுத்துவோர் பலர். வேகமாகச் செல்கையில், அசையாது நிற்கும் வாகனத்தைக் கருவி கண்டறியத் தவறக்கூடும் எனத் தயாரிப்பாளர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அவற்றைப் படிப்போர் எத்தனை பேர்?

பாதுகாப்பு கூடினால் மனிதர்களின் எச்சரிக்கை குறையும் என்று 1975-இல் பொருளியல் அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் வாதிட்டார். அதன் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், வாதம் புறக்கணிக்கத்தக்கதல்ல. 2018-இல் அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனையிலிருந்த தானியங்கி கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் உயிரிழந்தார். காரைக் கண்காணிக்க வேண்டியவரின் பார்வை செல்லிடப்பேசியில் இருந்தது. 2023-இல், ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாதென்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட 'டெஸ்லா' கார்களின் மென்பொருள் திருத்தப்பட நேர்ந்தது.

வசதி கார் உரிமையாளருக்கு. ஆபத்தில் பெரும்பங்கோ வெளியே இருப்பவருக்கு. இதைத்தான் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகனங்களில் சென்றோரும் பாதசாரிகளுமே.

இத்தொழில்நுட்பத்தை வெறுக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் பயணித்துக் களைத்து வரும் ஐயப்ப பக்தர்களின் வாகனத்தைத் தானியங்கி பிரேக் காப்பாற்றக்கூடும். ஆனால், ஓட்டுநரின் கண்களைக் கண்காணிக்கும் கேமராவை இவ்வசதியுடன் கட்டாயமாக்க வேண்டும். காரை ஒப்படைக்கும்போதே அதன் வரம்புகளை விற்பனையாளர் செயல்முறையில் விளக்க வேண்டும். சாலைக் கோடுகளைப் பராமரிப்பதும், பாலத்தில் வாகனம் நிறுத்துவதைத் தடுப்பதும் அரசின் கடமை.

கார் தானே திரும்பலாம். விபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநரே. அதை உணர்ந்தவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கமாட்டார்.