'ஏதோ இடிக்குதே' என்று மனசு சொன்னால் நம்பலாமா? உள்ளுணர்வு பற்றி அறிவியல் சொல்வது என்ன?

கடல், தங்கம், பகல். இந்த மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எழுத்தில் இருப்பது ஒரே 'க'தான். ஆனால் ஒலி மூன்று விதம். சொல்லின் தொடக்கத்தில் அழுத்தமாக வருகிறது, 'ங்' வந்தபின் மாறுகிறது, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மென்மையாகிறது. இந்த விதியை யாரும் உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் போகும் முன்பே உங்களுக்கு அது அத்துப்படி.

இப்படி விதி இருப்பதே தெரியாமல் அதைப் பழகிக்கொள்வதை 'இம்ப்ளிசிட் லேர்னிங்', அதாவது நம்மை அறியாமலே கற்பது என்கிறார்கள் உளவியலாளர்கள்.

இதை எப்படிச் சோதித்தார்கள்?

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ரெபர் 1967-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். பார்த்தால் கன்னாபின்னாவென்று இருக்கும். ஆனால் எந்த எழுத்துக்குப் பின் எது வரலாம் என்பதற்கு அவர் ரகசியமாக ஒரு விதி வைத்திருந்தார்.

பிறகு, "இதில் ஒரு விதி இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதிய வரிசைகளைக் காட்டி 'சரியா, தப்பா' என்று கேட்டார். குத்துமதிப்பாகச் சொன்னால் பாதிதான் சரியாக வரும். அவர்கள் அதைவிட நன்றாகவே சொன்னார்கள். ஆனால் விதி என்ன என்று கேட்டால், தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

1992-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நினைவாற்றலை இழந்த நோயாளிகளிடம் இதே சோதனையை நடத்தினார்கள். பார்த்த வரிசைகளை அடையாளம் காண்பதில் மற்றவர்களைவிடத் தடுமாறியவர்கள், 'சரியா, தப்பா' கேள்வியில் மற்றவர்களுக்கு இணையாகவே செய்தார்கள்.

1996-ல் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் 8 மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் 2 நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்பதைக் குழந்தைகள் அதற்குள் பிடித்துவிட்டன.

அப்படியென்றால் மூளைக்கு எல்லாமே தெரியுமா?

அவசரப்படாதீர்கள். சொல்லத் தெரியவில்லை என்பதாலேயே ஒருவருக்கு எதுவும் தெரியாது என்றாகிவிடாது. டேவிட் ஷாங்க்ஸ், மார்க் செயின்ட் ஜான் இருவரும் 1994-ல் கிளப்பிய கேள்வி இதுதான். ரெபரின் சோதனையில் முழு விதியும் தெரிய வேண்டியதில்லை, அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு, மூன்று எழுத்துகள் நினைவிருந்தாலே ஓரளவு சமாளித்துவிடலாம் என்றார்கள்.

இன்னொரு உதாரணம் 1997-ல் பிரபலமான ஒரு சீட்டு விளையாட்டுச் சோதனை. எந்தச் சீட்டுக்கட்டு நஷ்டம் தரும் என்று ஆடுபவருக்குப் புரியும் முன்பே, அதைத் தொடப்போகும்போது கை வியர்க்கிறது என்றார்கள். ஆனால் 2004-ல் வேறு ஆய்வாளர்கள் கேள்விகளை நுணுக்கமாகக் கேட்டபோது, எந்தக் கட்டு நல்லது என்பது ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருந்தது.

அறியாமலே கற்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அதில் எவ்வளவு பங்கு முற்றிலும் நம் கவனத்துக்கு வராமல் நடக்கிறது என்பதில்தான் விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, ஆபீஸில் இது எதற்கு உதவும்?

உள்ளுணர்வைச் சந்தேகித்த டேனியல் கானமனும் அதை மதித்த கேரி கிளைனும் 2009-ல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்றார்கள். ஒன்று, அந்த வேலையில் நிஜமாகவே ஒழுங்கான பேட்டர்ன் இருக்க வேண்டும். இரண்டு, உங்கள் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்து பழக வாய்ப்பு வேண்டும்.

தீயணைப்பு வீரர்கள், அனுபவமுள்ள நர்ஸ்கள் ஆகியோருக்கு இந்த இரண்டும் கிடைக்கின்றன. எந்த ஷேர் ஏறும் என்று கணிப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் 'எனக்குத் தோணுது' என்ற உறுதி இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த உறுதியை மட்டும் வைத்து எது நிஜம் என்று பிரிக்க முடியாது.

இன்டர்வியூவில் ஒருவரைப் பார்த்ததும் 'இவர் சரிப்பட மாட்டார்' என்று தோன்றுகிறதா? நீங்கள் நிராகரித்தவர் வேறு இடத்தில் எப்படி வேலை செய்தார் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. திருத்திக்கொள்ள வழியில்லாத கணிப்பு அது. அங்கே மனசு சொல்வதைக் கேட்கும் முன், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுங்கள்.

பல வருடம் பார்த்துப் பழகிய கோடில் 'ஏதோ இடிக்குதே' என்று தோன்றினால் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே ஒவ்வொரு தப்பும் உங்களுக்குப் பாடம் சொல்லித் தந்திருக்கிறது.