ஹசன் வீடு திரும்பினான், ஒராபி பாஷா காத்திருந்தார்



இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் கண்டியில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தான் அது. ஆனால் அது கண்டிக் கதையல்ல, எகிப்துக் கதை. கெய்ரோவில் பெரிய குடும்பமொன்றில் பிறந்த குழந்தை களவாடப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்படுகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, பல இடர்களைக் கடந்து, கடைசியில் பெற்றோரிடம் போய்ச் சேருகிறான்.

கண்டிக்காரர் ஒருவருக்கு எகிப்து ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தது? நாவல் வந்த காலத்தைப் பாருங்கள். 1882 செப்டம்பரில் தல் அல் கபீர் போரில் அஹ்மத் ஒராபி பாஷாவின் படை பிரித்தானியரிடம் தோற்றது. அவருக்கு விதித்த மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் அவரும் ஆறு தோழர்களும் கொழும்பில் வந்து இறங்கினார்கள். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை அப்போதுதான் தொடங்கியிருந்த சித்திலெப்பைக்கும் ஒராபி பாஷாவுக்கும் நட்பு வளர்ந்தது. 1892இல் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் பாடுபட்டு மருதானையில் ஸாஹிராவைத் தொடங்கியபோது பாஷாவும் துணை நின்றார். அதே ஆண்டில் அவர் கண்டிக்குக் குடிவந்தார்.

சித்திலெப்பை தன் கதாநாயகனை 1885லேயே வீட்டில் சேர்த்துவிட்டார். அவருடைய நண்பருக்கோ அதன் பிறகும் 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தைப் பார்க்க சித்திலெப்பை இருக்கவில்லை, 1898இல் வபாத்தானார்.

தோழர்களில் எல்லோருக்கும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் பஹ்மி, யாகூப் ஸாமி ஆகிய மூவரும் இலங்கை மண்ணிலேயே மௌத்தானார்கள். பெருங்கவிஞர் மஹ்மூத் ஸாமி அல் பாரூதி இங்கே இருக்கும்போதே எகிப்தில் அவர் மனைவி இறந்துபோனார். கடல் கடந்து ஜனாஸாவுக்குப் போக முடியாதவர் கவிதையில்தான் அழுதார். 1899இல் அவர் திரும்பியபோது பார்வையும் மங்கிப்போயிருந்தது.

ஒராபி பாஷா 1901இல் மன்னிப்புக் கிடைத்து ஊர் போனார். ஒரு காலத்தில் நாடே அவர் பின்னால் நின்றது. இப்போதோ புதிய தலைமுறைத் தேசியவாதிகள், பிரித்தானியர் நாட்டுக்குள் வந்ததற்கே இவர்தான் காரணம் என்றார்கள். பறிபோன சொத்தும் திரும்பவில்லை. 1911 செப்டம்பரில் கண்மூடினார். எகிப்து அவரைத் தன் வீரராகக் கொண்டாடியது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

கதையில் வாசல் திறந்ததும் முற்றும் போட்டுவிடலாம். வாழ்க்கையில் அதற்குப் பிறகுதான் கஷ்டமே தொடங்குகிறது. கட்டாரிலும் சவூதியிலும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல உட்கார்ந்திருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய காசைக் கணக்குப் பார்த்தது போதும். அவர்கள் சொல்வதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேட்போம்.

ஹல்லொலுவ வீதியில் பாஷா வாழ்ந்த வீடு 1983 முதல் நினைவகமாக இருக்கிறது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். போகுமுன் அசன்பேயின் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.

அல்லாஹ் அவர்கள் எல்லோருடைய கப்ருகளையும் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.