"கொஞ்ச நாள் ஒண்ணும் செய்யாதீங்க": 1786 முதல் டாக்டர்கள் எழுதிவரும் விசித்திரமான மருந்துச் சீட்டு (த்ரெட்)

1/
போன வருஷம் ஒரு தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் கையில் தடிமனான ஃபைல். சுகர், தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன், ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. எல்லாமே நார்மல். "எல்லாம் நார்மல்னா பிரச்சினை எங்க டாக்டர் இருக்கு?" என்றார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: "பக்கத்துல படுத்திருக்கும்போதே அவர் வேற எங்கயோ இருக்கார். நானும் அப்படித்தான்."

2/
நான் மாத்திரை எழுதவில்லை. "ரெண்டு வாரத்துக்கு உடலுறவு வேண்டாம். முயற்சிகூடப் பண்ணாதீங்க" என்றேன். கணவர் அதிர்ந்துபோனார். "எங்க பிரச்சினையே அதுதானே டாக்டர்? அதையே நிறுத்தச் சொல்றீங்களே!"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் ஒரு நீண்ட வரலாறு. லண்டனில் தொடங்கி அமெரிக்கா, கனடா வரை போகிறது. கொஞ்சம் பெரிய த்ரெட். ஒரு டீ போட்டுக்கிட்டு வாங்க.

3/
லண்டன், 1786. ஜான் ஹன்டர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர். அம்மை குத்தலைக் கொண்டுவந்த எட்வர்ட் ஜென்னரின் குருநாதர். பால்வினை நோய்கள் பற்றி அந்த வருஷம் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு நோயாளியின் கதை வருகிறது. அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பெண்ணிடம் மட்டும் அவரால் முடியவில்லை.

4/
ஹன்டர் லேகியம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு சத்தியம் வாங்கினார். ஆறு ராத்திரி அந்தப் பெண்ணோடு படுக்கலாம். ஆனால் என்ன ஆசை வந்தாலும் உறவு கூடாது. அவ்வளவுதான்.

நோயாளி திரும்பி வந்து சொன்னது வேடிக்கையானது. "முடியாமல் போய்விடுமோ" என்ற பயத்தோடு படுக்கைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது "ஆசை அதிகமாகி சத்தியத்தை மீறிவிடுவேனோ" என்ற பயத்தோடு போனாராம். நாட்களைக் குறைக்கக் கூடாதா என்று ஏங்கினாராம். பிரச்சினை அதோடு போய்விட்டது.

5/
இதற்குப் பின்னால் இருக்கும் உடலியல் ஹன்டர் காலத்தில் தெரியாது. இன்று தெரியும். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைக்கு ரத்தம் போகும், ஆண்குறியின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். புலி துரத்தும்போது உடம்பு இனப்பெருக்கத்தைப் பற்றிக் கவலைப்படாது. "இன்னிக்காவது சரியா வருமா?" என்ற கேள்வியும் நரம்பு மண்டலத்துக்கு ஒரு குட்டிப் புலிதான்.

தேர்வை ரத்து செய்தால் புலி போய்விடுகிறது.

6/
இவ்வளவு நல்ல யோசனை அப்படியே தூங்கிப்போனது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், விந்து வீணானால் நரம்பு தளரும் என்ற பயம் பெரிய வியாபாரமானது. டானிக், மின்சார பெல்ட் என்று என்னென்னவோ விற்றார்கள். சிரிக்காதீர்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்கள் இன்றும் விற்பது அதே மாதிரியான பயத்தைத்தான்.

7/
அடுத்த பெரிய திருப்பம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில். வில்லியம் மாஸ்டர்ஸ் மகப்பேறு மருத்துவர். 1957 வாக்கில் அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியாளராக வந்தவர் வர்ஜீனியா ஜான்சன். கல்லூரிப் பட்டம்கூடக் கிடையாது. ஆனால் தயங்கி நிற்கும் மனிதர்களைப் பேச வைக்கத் தெரிந்தவர். 382 பெண்கள், 312 ஆண்களை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து 1966-இல் முதல் புத்தகம் போட்டார்கள். ஒரே பரபரப்பு.

8/
நம் கதைக்கு முக்கியம் 1970-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது பெரிய புத்தகம். உறவில் பிரச்சினை உள்ளவர்களை வருஷக்கணக்கில் பார்த்ததில் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். இவர்கள் படுக்கையில் பங்கேற்பதில்லை. ஓரமாக நின்று தங்களையே வேடிக்கை பார்க்கிறார்கள். "எனக்கு விறைப்பு நிக்குதா?", "என் வயிறு அசிங்கமாத் தெரியுதா?", "அவருக்கு சலிச்சுப் போச்சோ?" என்று மனசுக்குள் கிரிக்கெட் கமென்ட்ரி ஓடிக்கொண்டே இருக்கிறது. கமென்ட்ரி பாக்ஸில் உட்கார்ந்துகொண்டு பேட்டிங் ஆட முடியுமா?

9/
அதற்கு அவர்கள் வடிவமைத்த பயிற்சிதான் "சென்சேட் ஃபோகஸ்". தம்பதியாகத்தான் வர வேண்டும், ஏனென்றால் நோயாளி அந்த உறவுதான், இருவரில் ஒருவர் இல்லை. இரண்டு வாரம் செயின்ட் லூயிஸில் தங்க வேண்டும். சிகிச்சை தருவதும் ஒரு ஆண், ஒரு பெண்.

முதல் விதி: உறவுக்குத் தடை. இரண்டாவது: ஒருவர் தொட வேண்டும், மற்றவர் வெறுமனே பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். மார்பகமும் பிறப்புறுப்பும் ஆரம்பத்தில் கிடையாது. அவரைச் சந்தோஷப்படுத்தணும் என்ற இலக்குகூட வேண்டாம். தோல் சூடா குளிரா, வழவழப்பா சொரசொரப்பா, அழுத்தம் எப்படி இருக்கு என்று மட்டும் கவனித்தால் போதும்.

ஹன்டரின் ஆறு ராத்திரி, 184 வருஷம் கழித்து, ஒரு முழு சிகிச்சை முறையாகத் திரும்பி வந்தது.

10/
தோல்வி விகிதம் வெறும் 20 சதவீதம் என்று அறிவித்தார்கள். இது மிகைப்படுத்தப்பட்ட கணக்கு என்று 1980-லேயே உளவியலாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. பிற்காலத்தில் ஓரினச்சேர்க்கையாளர்களை "மாற்ற" முடியும் என்றும் இருவரும் எழுதினார்கள். அது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. ஆனாலும் அந்தத் தொடு பயிற்சி மட்டும் அரை நூற்றாண்டு தாண்டி இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

11/
பிறகு 1998-இல் வயாகரா வந்தது. பல ஆண்களுக்கு அது உண்மையான வரம், மறுக்கவில்லை. இனி எல்லாவற்றுக்கும் மாத்திரைதான் என்று உலகமே நம்பியது. அதே மருந்தைப் பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பல வருஷ ஆய்வுக்குப் பிறகு 2004-இல் ஃபைசர் நிறுவனம் அந்த முயற்சியைக் கைவிட்டது. ரத்த ஓட்டம் கூடலாம். ஆனால் ஆசை கூடுவதாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை.

12/
ஏன்? கனடாவின் மெரிடித் சிவர்ஸ் குழு 2010-இல் இதைத் தொகுத்துப் பார்த்தது. உடம்பு காட்டும் கிளர்ச்சியும் மனசு உணரும் கிளர்ச்சியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன? முழுப் பொருத்தம் என்றால் 1. ஆண்களுக்குச் சராசரியாக 0.66, பெண்களுக்கு 0.26. அதாவது, உடம்பு ஏதோ சொல்கிறது, ஆனால் பல நேரம் மனசு அதைக் கேட்கவே இல்லை. (உடம்பு காட்டும் அறிகுறி சம்மதம் ஆகாது என்பதற்கும் இதுதான் ஆதாரம். வாயால் சொல்வதுதான் சம்மதம்.)

13/
இனி கதையின் இன்னொரு கிளை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், 1979. ஜான் கபட்-ஜின் மூலக்கூறு உயிரியல் படித்தவர். விபாசனாவும் ஜென்னும் பழகியவர். மருந்துக்கு அடங்காத நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு, மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு வகுப்பு தொடங்கினார். மதம் இல்லை, மந்திரம் இல்லை. இந்த நொடியில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி. இதைத்தான் இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்கிறோம். அவர் வகுப்பின் பிரபலமான பாடம்: ஒரே ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, பல நிமிஷம் எடுத்துச் சாப்பிடுவது.

14/
இந்த இரண்டு கிளைகளையும் சேர்த்தவர் லோரி பிராட்டோ, கனடா நாட்டு உளவியலாளர். 2000-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் மேற்பயிற்சியில் இருந்தபோது ஒரே சமயத்தில் இரண்டு வகை நோயாளிகளைப் பார்த்தார். ஒரு பக்கம், தற்கொலை எண்ணத்தோடும் கட்டுக்கடங்காத உணர்ச்சிகளோடும் போராடியவர்கள். அங்கே மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சையில் மைண்ட்ஃபுல்னஸ் ஒரு முக்கியப் பகுதி. இன்னொரு பக்கம், கருப்பை வாய், கருப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள்.

15/
இந்தப் பெண்களுக்குப் புற்றுநோய் போய்விட்டது. ஆனால் உடம்பு தங்களுடையதாகவே இல்லை என்றார்கள். தொட்டால் மரத்துப்போன மாதிரி, எங்கோ துண்டித்துவிட்ட மாதிரி. இரண்டு வகை நோயாளிகளும் கிட்டத்தட்ட ஒரே பாஷை பேசுகிறார்களே என்று பிராட்டோவுக்கு உறைத்தது. அங்கே உதவும் பயிற்சி இங்கேயும் உதவாதா?

16/
அதைச் செய்து பார்த்தார். 2008-இல் வந்த அவருடைய ஆய்வில் 22 பெண்கள். அவர்களுக்கு உடல் பற்றிய விளக்கத்தோடு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. ஆசை, கிளர்ச்சி, திருப்தி எல்லாம் கூடின. சின்ன ஆய்வுதான். ஆனால் பிறகு பெரிய குழுக்களிலும், புற்றுநோய் வராத பெண்களிடமும், உறவில் வலி உள்ளவர்களிடமும் தொடர்ந்தார்கள். கிளர்ச்சியின்போது மனமும் உடலும் முன்பைவிட ஒத்துப்போவதும் தெரிந்தது. புதுசாக ஒன்றையும் உடம்பில் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை உணர வைத்தார்கள்.

17/
"எங்களுக்குப் பிரச்சினையே இல்லையே, நாங்க ஏன் படிக்கணும்?" என்பவர்களுக்கு: 2004-இல் வட கரோலினாவில் ஜேம்ஸ் கார்சன் குழு 44 தம்பதிகளிடம் எட்டு வாரம் இதைச் சோதித்தது. எல்லோரும் ஓரளவு சந்தோஷமாக இருந்தவர்கள்தான். அவர்களுக்குள்ளும் நெருக்கமும், ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்ளும் தன்மையும் கூடின. பயிற்சி அதிகம் செய்த நாளில் பலனும் அதிகமாகத் தெரிந்தது.

18/
இதுவரை பார்த்ததில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஹன்டருக்கு நரம்பியல் தெரியாது. மாஸ்டர்ஸும் ஜான்சனும் தியானத்தைப் பற்றிப் பேசவில்லை. கபட்-ஜின் தொடங்கியது வலிக்காக. ஆனாலும் எல்லோரும் வந்து சேர்ந்தது ஒரே இடத்துக்கு. இலக்கை எடுத்துவிடு, கவனத்தைத் திருப்பிக் கொடு. நெருக்கம் என்பது மார்க் வாங்கும் பரீட்சை இல்லை.

19/
ஒரு சோகமான பின்குறிப்பும் உண்டு. மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1971-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரிந்தார்கள். நுட்பத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே உறவு உத்தரவாதம் இல்லை. அதனால், இது தெரிந்தால் போதாது. ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை.

20/
டாக்டராகச் சில எச்சரிக்கைகள்:
• விறைப்புக் குறைவு சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். முதலில் பரிசோதனை. தியானம் பிறகு.
• உறவில் வலி இருந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.
• மனஅழுத்த மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் பேசுங்கள்.
• வீட்டில் அடி, மிரட்டல், கட்டாயம் இருந்தால் இது அதற்கான தீர்வே இல்லை. அங்கே முதலில் பாதுகாப்பு.

21/
இன்றிரவே தொடங்கலாம். போன் வேறு அறையில். பத்து நிமிஷம். ஒருவர் மற்றவரின் கையை மட்டும், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, மெதுவாகத் தொடட்டும். பேச வேண்டாம். ஈஎம்ஐ ஞாபகம் வரும், பிள்ளையின் ஹோம்வொர்க் ஞாபகம் வரும். வரட்டும். "ஓ, மனசு போயிடுச்சு" என்று கவனித்துவிட்டு விரலுக்குத் திரும்பி வாருங்கள். அந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சி. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு முடித்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் யாரும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

22/
அந்தத் தம்பதி மூன்று வாரம் கழித்து வந்தார்கள். "ரெண்டு வாரம் தாக்குப்பிடிச்சீங்களா?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பதில் சொல்லவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா மட்டும் சொன்னார்: "அவர் கையில ஒரு தழும்பு இருக்கு டாக்டர். சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்ததாம். ஏழு வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது."

படித்தவர்கள் இதைத் தங்கள் துணையோடு பகிருங்கள். அனுப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.