குதிரைப் பந்தய வணிகம்

குதிரைப் பந்தய வணிகம் என்பது, ஒரு குதிரையின் மீதான பணய விகிதம் ஏறுமா இறங்குமா என்று கணித்து, அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து இலாபம் ஈட்ட முயலும் முறை ஆகும். எந்தக் குதிரை வெல்லும் என்பது இம்முறையில் இரண்டாம் நிலைக் கேள்வியே. பங்குகளை ஒரே நாளில் வாங்கி விற்கும் தின வணிகத்தை இது பெரிதும் ஒத்தது. ஐக்கிய இராச்சியத்தில் இணையவழிப் பந்தயச் சந்தைகள் தோன்றிய பின்னரே இது பரவலாயிற்று.

பின்னணி

மரபான முறையில் பணயம் கட்ட விரும்புபவர் புக்மேக்கரிடம் செல்வார். விகிதத்தைப் புக்மேக்கரே அறிவிப்பார். ஒரு பந்தயத்தில் ஓடும் எல்லாக் குதிரைகளின் விகிதங்களையும் நிகழ்தகவுகளாக மாற்றிக் கூட்டினால் 100 விழுக்காட்டுக்கு மேல் வரும். அந்த மிகுதியே அவருடைய வருவாய்க்கு அடிப்படை. 1867இல் பாரிசில் யோசப் ஒல்லேர் உருவாக்கிய பொதுத் தொகுப்பு முறையில் (இன்று "டோட்" எனப்படுவது) பணயங்கள் அனைத்தும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, கழிவு போக, வென்றவர்களுக்குப் பகிரப்படுகின்றன. அதில் இறுதி விகிதம் பணயம் ஏற்பது முடிந்த பின்னரே தெரியவரும். கட்டிய பணயத்தை நல்ல விலைக்கு "விற்று" வெளியேற இவ்விரு முறைகளிலும் வழியில்லை.

மென்பொருள் நிரலாளராகப் பணியாற்றிய ஆன்ட்ரூ பிளாக்கும், முதலீட்டு வங்கித் துறையிலிருந்து வந்த எட்வர்ட் ரேயும் 2000ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய பெட்ஃபேர் நிறுவனம் இந்நிலையை மாற்றியது. இங்கு நிறுவனம் பணயத்தை ஏற்பதில்லை. பங்குச் சந்தையைப் போல இரு பயனர்களை இணைத்துவிட்டு, வென்றவரிடம் தரகு பெறுகிறது. ஒரு குதிரை வெல்லும் என்று கட்டுவது "பேக்" எனவும், வெல்லாது என்று கட்டுவது "லே" எனவும் வழங்கப்படுகின்றன.

செயற்படும் முறை

விகிதம் 5.0 என்றால், 1 பவுண்டு கட்டியவருக்குக் குதிரை வென்றால் கட்டிய பணமும் சேர்த்து 5 பவுண்டு கிடைக்கும். அதாவது அக்குதிரை வெல்லும் வாய்ப்பைச் சந்தை 20 விழுக்காடு என மதிப்பிடுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 5.0 விகிதத்தில் 100 பவுண்டுக்கு பேக் செய்கிறார் எனக் கொள்வோம். சிறிது நேரத்தில் விகிதம் 4.0 ஆகக் குறைகிறது. இப்போது அவர் 125 பவுண்டுக்கு லே செய்தால், குதிரை வென்றால் 400 பவுண்டு வந்து 375 பவுண்டு போகும். தோற்றால் 100 பவுண்டு போய் 125 பவுண்டு வரும். எப்படி முடிந்தாலும் 25 பவுண்டு மிஞ்சும். தரகு 5 விழுக்காடு எனில் கைக்கு வருவது 23.75 பவுண்டு. மாறாக விகிதம் 6.0 ஆக உயர்ந்திருந்தால், அதே கணக்கின்படி ஏறத்தாழ 16.67 பவுண்டு நட்டத்துடன் வெளியேறலாம்.

இவ்வளவு பெரிய நகர்வுகள் நாள்தோறும் கிடைப்பவை அல்ல. பெட்ஃபேர் சந்தையில் 4.0 முதல் 6.0 வரை விகிதம் 0.1 அளவிலான படிகளில் நகரும். 5.0இல் 100 பவுண்டுக்கு பேக் செய்து 4.9இல் வெளியேறினால் இலாபம் சுமார் 2 பவுண்டு. இப்படிச் சிறுசிறு படிகளாகச் சேர்ப்பது "ஸ்கால்ப்பிங்" எனப்படுகிறது. அதே நிலையில் விகிதம் 5.5 வரை ஏறவிட்டு வெளியேறினால் நட்டம் 9 பவுண்டு; நான்கைந்து வெற்றிகளை ஒரு தயக்கம் விழுங்கிவிடும்.

விகிதங்கள் நகர்வதற்குக் காரணங்கள்

பிரித்தானியப் பந்தயங்களில் பணத்தின் பெரும்பகுதி கடைசிச் சில நிமிடங்களிலேயே சந்தைக்கு வருகிறது. காட்சி வளையத்தில் குதிரை வியர்த்து அமைதியிழந்து காணப்படுதல், மழையால் தரை இளகுதல், குதிரையோட்டி மாறுதல், புக்மேக்கர்கள் தம் பொறுப்பைக் குறைக்கச் சந்தையில் பேக் செய்தல் ஆகியன விகிதத்தை நகர்த்தும். போட்டியிலிருந்து ஒரு குதிரை விலக்கப்பட்டால் ஏனையவற்றின் வாய்ப்பு உயரும். அப்போது முன்னர் இணைக்கப்பட்ட பேக் பணயங்களின் விகிதம் விதிப்படி குறைக்கப்படுகிறது.

பங்குச் சந்தையுடன் ஒப்பீடு

ஒற்றுமைகள் வெளிப்படையானவை. வேற்றுமைகளே அறியத்தக்கவை. பங்கை வைத்திருப்பவருக்கு நிறுவனத்தின் வளர்ச்சியும் பங்காதாயமும் உண்டு. பந்தயச் சந்தையில் புதிய செல்வம் எதுவும் உருவாவதில்லை. ஒருவரின் இலாபம் மற்றொருவரின் நட்டம், இடையில் தரகு கழிகிறது. எனவே பங்கேற்பாளர் அனைவரையும் ஒன்றாகக் கொண்டால் கூட்டுத்தொகை எப்போதும் எதிர்மறையே.

விலை இறங்கிய பங்கைப் பொறுத்திருந்து விற்கலாம். குதிரைப் பந்தயமோ குறித்த நேரத்தில் தொடங்கிவிடும். ஐந்து பர்லாங்குப் பந்தயம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்தும் விடும். பந்தயம் தொடங்கும்போது, வேறுவிதமாகக் குறிப்பிடப்படாத நிலையில், இணையாதிருக்கும் பணயங்கள் நீக்கப்படுகின்றன. ஆகவே சற்று நல்ல விலைக்குக் காத்திருந்தவர் வெளியேறும் வழியின்றி ஓடும் குதிரையோடு விடப்படுவார். நட்டத்தை ஏற்க மனமின்றி வேண்டுமென்றே நிலையைத் திறந்து வைப்பவரும் அந்நொடியிலிருந்து வணிகர் அல்லர், சூதாடியே.

கட்டணங்களும் வரியும்

இம்முறையில் இலாபத்தின் அளவு மிகச் சிறியதாகையால், அது நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் கழிவுகளைப் பொறுத்தது. ஐக்கிய இராச்சியத்தில் 2001 அக்டோபர் வரை பந்தயக் கடைகளில் பணயம் கட்டுவோரிடம் வரியின் பெயரால் 9 விழுக்காடு பிடிக்கப்பட்டது. அவ்வரி நீக்கப்பட்டது இணையவழிச் சந்தைகளின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது. தொடர்ந்து இலாபம் ஈட்டுவோருக்கென பெட்ஃபேர் 2008இல் கூடுதல் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. 2011இல் அது மிகப்பெரும் இலாபம் ஈட்டியவர்களுக்கு 60 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. வெல்பவர்களின் கணக்குகளை முடக்கும் புக்மேக்கர்களைவிடத் தாம் வேறானவர் என்று விளம்பரம் செய்த நிறுவனத்தின் இம்முடிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

2011 லெபர்ட்ஸ்டவுன் நிகழ்வு

தானியங்கி நிரல்கள் இச்சந்தையில் பெருமளவு பயன்படுகின்றன. 2011 டிசம்பர் 28 அன்று அயர்லாந்தின் லெபர்ட்ஸ்டவுன் திடலில் வோலர் லா வெடெட் என்ற குதிரை வெற்றியை நெருங்கிய நிலையிலும், 29.0 விகிதத்தில் அதற்கு எதிரான மிகப்பெரிய லே பணயம் ஒன்று சந்தையில் நின்றது. குதிரை வென்றது. அந்தப் பணயத்தின் பொறுப்பு ஏறத்தாழ 600 மில்லியன் பவுண்டு. அதை வைத்த தானியங்கி நிரலின் உரிமையாளரது கணக்கில் இருந்ததோ 1,000 பவுண்டுக்கும் குறைவு. கணக்கு இருப்பைச் சரிபார்க்கும் கட்டமைப்பில் நேர்ந்த பிழையே காரணம் என அறிவித்த நிறுவனம், பந்தயம் ஓடியபோது கட்டப்பட்ட பணயங்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கியது. வென்றதாக எண்ணியவர்களுக்குக் கட்டிய பணம் மட்டுமே திரும்பியது.

இந்தியாவில்

சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு என 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் இந்தியத் திடல்களில் பணயம் புக்மேக்கர்களிடமும் டோட் சாளரங்களிலும் கட்டப்படுகிறது. ஒருவர் லே செய்து நிலையை முடிக்கும் வசதி அங்கு இல்லை. முன்னர் 28 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உள்ளது. இது இலாபத்தின் மீதன்றிப் பணயத் தொகையின் மீதே கணக்கிடப்படுவதால், 100க்கு 2 என்ற அளவில் ஈட்டும் மேற்கண்ட கணக்கு அங்குப் பொருந்தாது.